காவல்காரர் ஏன் பாதிக் காட்டில் விட்டுப் போனார்: மதுரைக் கேம் குழு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மதுரை திருப்பாலைப் பக்கம் ஒரு மாடி அறையில் நால்வர் சேர்ந்து தமிழில் ஒரு மாய உலக ரோல் பிளேயிங் கேம் செய்துகொண்டிருந்தார்கள். நிரல் எழுதுபவர் சென்னையில் ஐடி வேலையை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கதையும் டயலாக்கும் ஒரு தமிழாசிரியையின் பொறுப்பு. ஓவியர் முன்பு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைன் போட்டவர். இசையையும் சோதனையையும் ஒரு கல்லூரி மாணவர் பார்த்துக்கொண்டார். நான் குழுவில் இல்லை. சோதனை ஆட்டங்களின்போது பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்துத் தரச் சொன்னார்கள். அந்தக் குறிப்புகளை வைத்தும், பிறகு நால்வரிடமும் தனித்தனியாகப் பேசியதை வைத்தும் இதை எழுதுகிறேன். அவர்கள் கேட்டுக்கொண்டபடி ஆட்களின் பெயரையும் கேமின் பெயரையும் விட்டிருக்கிறேன்.

கேம் செய்ய உதவும் கோடோ என்ற என்ஜின் மென்பொருளில்தான் வேலை நடந்தது. 2023இல் வந்த அதன் 4ஆம் பதிப்புக்கு முன்னால் தமிழ் எழுத்து அதில் ஒழுங்காக வராது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். அந்தப் பதிப்பு வந்த பிறகுதான் முழுக்கத் தமிழில் டயலாக் எழுதலாம் என்ற தைரியமே வந்தது என்றார் நிரலாளர்.

கதை இப்படி. ஒரு நாட்டில் மூன்று வருடமாக மழை இல்லை. கண்மாயில் கடைசித் தண்ணீர் கிடக்கிறது. மடைச் சாவி ஒருவரிடம், கோவில் களஞ்சியத்தின் சாவி இன்னொருவரிடம். ஆடுபவர் வெளியூரிலிருந்து வருகிறார். அவரோடு மூன்று கூட்டாளிகள் சேர்கிறார்கள்: ஒரு காவல்காரர், ஒரு மருத்துவச்சி, பேயோடு பேரம் பேசும் ஒரு கோடாங்கி.

முதல் வடிவம்

கூட்டாளிகள் எப்போது சிரிக்க வேண்டும், எப்போது முறைக்க வேண்டும், எப்போது விட்டுப் போக வேண்டும் என்பதற்கு நிரலாளர் தனக்குப் பழக்கமான வழியையே எடுத்தார். அவர் சின்ன வயதில் திரும்பத் திரும்ப ஆடியது 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் என்ற கணினி கேம். அதன் அடியில் இருப்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மேசை விளையாட்டின் விதிகள். 1974இல் அந்த விளையாட்டு வந்தபோது ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே அலைன்மென்ட், அதாவது பாத்திரத்தின் குண வகை. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நன்மை, தீமை என்ற இன்னொரு அச்சும் சேர்ந்து ஒன்பது கட்டங்களாகிவிட்டது. ஒவ்வொரு பாத்திரமும் ஒரு கட்டத்தில் உட்காரும்.

பால்டர்ஸ் கேட் இதை நேராகவே பயன்படுத்துகிறது. குழுவுக்குப் பொதுவாக 1 முதல் 20 வரை ஒரு நற்பெயர் எண் உண்டு. அது மிகவும் இறங்கினால் நல்ல கூட்டாளிகள் முணுமுணுத்து, கடைசியில் கிளம்பிவிடுவார்கள். மிகவும் ஏறினால் கெட்டவர்கள் கிளம்பிவிடுவார்கள். நற்பெயர் கூடினால் கடைக்காரர் விலையையும் குறைப்பார். கோவிலில் காசு போட்டால் இறங்கிய பெயரை ஏற்றிக்கொள்ளலாம். கூட்டாளிகள் தங்களுக்குள்ளும் அடித்துக்கொள்வார்கள். 2000இல் வந்த இரண்டாம் பாகத்தில் பாலடினான, அதாவது அறத்துக்கு நேர்ந்துகொண்ட வீரரான கெல்டார்னும் தீயவர் கட்டத்தில் இருக்கும் வைக்கோனியாவும் ஒரே குழுவில் இருந்தால் சண்டை ஒரு நாள் வந்தே தீரும்.

மதுரைக் குழு இதைச் சுருக்கி எடுத்துக்கொண்டது. ஒழுங்குக்கு ஒரு மீட்டர், நன்மைக்கு ஒரு மீட்டர். காவல்காரர் ‘ஒழுங்கான நடுநிலை’, மருத்துவச்சி ‘நடுநிலை நல்லவர்’, கோடாங்கி ‘நடுநிலைத் தீயவர்’. காட்டில் வாழும் கானவர் என்ற கூட்டம் மொத்தமும் ‘குழப்பத் தீயவர்’. ஆடுபவரின் செயல் ஒவ்வொன்றுக்கும் மீட்டரில் ஏற்ற இறக்கம் உண்டு. கூட்டாளியின் கட்டத்துக்கும் ஆடுபவரின் எண்ணுக்கும் இடைவெளி ஓர் அளவைத் தாண்டினால் அவர் போய்விடுவார். எழுத வேண்டியது குறைவு, எண் பார்த்துக்கொள்ளும் என்பது நிரலாளரின் கணக்கு. நான்கு பேர் சம்பளமில்லாமல் செய்யும் வேலையில் அந்தக் கணக்கைத் தப்பென்று சொல்லிவிட முடியாது.

முதல் சோதனையில் கண்டது

கேம் ஆடிப் பழகிய மாணவர்கள் சிலர், ஆடியே பார்த்திராத உறவினர்கள் சிலர் என்று கலந்து அழைத்திருந்தார்கள். எல்லோரும் திணறிய இடம் ஒன்றே. கண்மாய்க்கரைக் குடிசைகளில் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள். களஞ்சியத்தில் நெல் இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. ஊர்க்கூட்டம் கூடி முடிவெடுக்கும் வரை காத்திருக்கலாம், அல்லது ராத்திரியில் பூட்டை உடைக்கலாம்.

பெரும்பாலோர் உடைத்தார்கள். நன்மை ஏறியது, ஒழுங்கு இறங்கியது. காவல்காரர் அந்த இடத்தில் ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் எண் இன்னும் எல்லையைத் தொடவில்லை. அப்புறம் சந்தையில் ஒரு வியாபாரியிடம் ‘போன ஊர்ல இதுக்குப் பாதி விலைதான்’ என்று சும்மா பேரம் பேசியது பொய்க் கணக்கில் சேர்ந்தது. அங்கே எல்லை தாண்டியது. ஓநாய்கள் சுற்றி நிற்கும் காட்டுப் பாதையில் காவல்காரர் திரும்பி நின்று, ‘உன் வழி வேறு, என் வழி வேறு’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆடிக்கொண்டிருந்த பெண், ‘கத்திரிக்காய்க்குப் பேரம் பேசினதுக்கா?’ என்று கேட்டார். அறையே சிரித்தது, தமிழாசிரியையைத் தவிர.

இன்னொரு மாணவர் வேறு வழி கண்டுபிடித்தார். உண்டியலில் காசு போட்டால் ஒழுங்கு மீட்டர் கொஞ்சம் ஏறும் என்பதைக் கவனித்துவிட்டு, காவல்காரரின் முகம் தெளியும் வரை நின்று காசாகப் போட்டார். பால்டர்ஸ் கேட்டில் ஆடுபவர்கள் செய்யும் அதே வேலை. அவர் பால்டர்ஸ் கேட் ஆடியதே இல்லை. ஓர் எண் இருந்தால் அதை எங்கே விலைக்கு வாங்கலாம் என்று ஆட்கள் மோப்பம் பிடித்துவிடுகிறார்கள்.

கோடாங்கி விஷயம் இதற்கு நேர் எதிர். ஆடுபவர் தொடர்ந்து நல்லது செய்தால் அவர் கிளம்பிவிடுவார். ஏன் போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. கூலி கொடுக்கிறார்கள், பேய் ஓட்ட வேலையும் இருக்கிறது, பிறகென்ன கோபம்? பிறர் பட்டினி தீர்ந்ததற்காக மட்டும் கோபித்துக்கொண்டு போகிற ஆள் எந்த ஊரிலும் கிடையாது. கெட்டவன் என்றாலும் அவனுக்கென்று ஒரு லாபம் இருந்தாக வேண்டும்.

இவற்றை விட முக்கியமான குறிப்பு ஒன்றைக் கடைசியாகத்தான் எழுதினேன். கானவரைக் கொன்றபோது எந்தக் கூட்டாளியும் எதுவும் சொல்லவில்லை. அவர்கள் தீயவர் கட்டத்தில் இருந்ததால் மருத்துவச்சிகூட வாய் திறக்கவில்லை. ஓர் ஆட்டத்தில் ஓடிப்போகிற கானவர் சிறுமி மீது அம்பு விட்டபோதும் மீட்டர் அசையவில்லை.

பெரியப்பா சொன்னது

சோதனைக்கு வந்திருந்த உறவினர்களில் நிரலாளரின் பெரியப்பாவும் ஒருவர். உசிலம்பட்டிக்கு மேற்கே ஊர். கேம் அவருக்குப் பிடிபடவில்லை. காவல்காரர் பாத்திரத்தை மட்டும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் சொன்னதைக் கிட்டத்தட்ட அப்படியே தருகிறேன்:

‘தம்பி, காவக்காரன் திருட்டு நடந்ததுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போகமாட்டான். அவன் காவல்ல களவு போனா அவன்தான் துப்புத் துலக்கணும். பொருளை மீட்டுக் குடுக்கணும். முடியலைன்னா கையிலருந்து ஈடு கட்டணும். நீங்க பூட்ட ஒடச்ச அன்னைக்கு நட்டம் அவனுக்குத்தான். அவன் எப்பிடிப் போவான்? உங்க கூடயேதான் வருவான், நெல்லுக்குப் பதில் வாங்குற வரைக்கும்.’

மதுரைக்கு மேற்கே இருந்த காவல் முறை அப்படித்தான். ஊர் காவல்காரருக்கு அறுவடையில் பங்கு கொடுக்கும். களவு போனால் பொறுப்பு அவருடையது. மீட்டுக் கொடுப்பதில் துப்புக்கூலி என்ற ஒன்றும் உண்டு, அதில் தகராறுகளும் உண்டு. இந்த ஆளை ஒன்பது கட்டங்களில் எங்கே வைப்பது? சட்டத்தின் காவலரா, சட்டத்துக்கு வெளியே நின்று பணம் வாங்குபவரா? 19ஆம் நூற்றாண்டு ஆங்கில அதிகாரிகளுக்கும் இதே குழப்பம் இருந்தது. அவர்கள் கண்ட தீர்வு மோசமானது. 1871இன் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பை வைத்தே முழுச் சமூகங்கள் குற்றவாளிகளாகப் பதியப்பட்டன. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி, கைரேகைப் பதிவுக்கு மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது போலீஸ் சுட்டது. பெரியப்பாவின் ஊரில் இது கேள்விப்பட்ட வரலாறு அல்ல, குடும்பத்துக் கதை.

அவர் கானவரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் அவர் போன பிறகு தமிழாசிரியை திரையில் ‘கானவர்: குழப்பத் தீயவர்’ என்ற வரியைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர்க் என்ற கற்பனை இனத்தார் எல்லோரும் தீயவர், ட்ரோ என்ற இனத்தார் எல்லோரும் தீயவர் என்ற பழக்கம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பல பத்தாண்டு இருந்தது. 2020இல்தான் அதன் வெளியீட்டாளரே அதை மாற்றிக்கொள்வதாக அறிவித்தார். வைக்கோனியா ஒரு ட்ரோ. அவர் எதுவும் செய்வதற்கு முன்பே ஊர் அவரைக் கொளுத்தத் தயாராக இருப்பதுதான் அந்தப் பாத்திரத்தின் கதை. அதாவது அதே விளையாட்டுக்குள்ளேயே நல்ல எழுத்தாளர்கள் அந்தக் கட்டத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கானவர் விஷயத்தில் விவாதம் இல்லை. எந்தக் கூட்டத்துக்கும் அலைன்மென்ட் கிடையாது என்று அன்றே முடிவெடுத்துவிட்டார்கள். கூட்டாளிகள் விஷயத்தில்தான் வாக்குவாதம் நீண்டது.

மீட்டரை மறைத்துவிட்டால் போதும் என்றார் மாணவர். மறைத்தாலும் கத்திரிக்காய்க்குத்தான் காவல்காரர் போவார் என்பதால் அது உடனே விழுந்தது.

ஆளுக்கொரு விருப்பு மீட்டர் வைப்பது அடுத்த யோசனை. 2009இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ் அலைன்மென்டை விட்டுவிட்டு இதைச் செய்தது. ஒவ்வொரு கூட்டாளிக்கும் மைனஸ் 100 முதல் 100 வரை தனி எண். நிரலாளருக்கு இது பிடித்தது. ஓவியர் மறுத்தார். அந்தக் கேமில் பரிசுப் பொருள் கொடுத்தே விருப்பத்தை ஏற்றிவிடலாம், உண்டியல் ஆளுக்கு ஒன்றாகப் பெருகும் என்பது அவர் வாதம். ஆனால் அவரே இன்னொன்றையும் எடுத்துச் சொன்னார். அந்தக் கேமில் ஆடியவர்கள் இன்றைக்கும் பேசுவது எண்களைப் பற்றி அல்ல. புனிதச் சாம்பலைக் கெடுத்தால் வின் என்ற கூட்டாளி எதிர்த்துச் சண்டைக்கு வருவதையும், லோகெய்ன் என்ற எதிரியை உயிரோடு விட்டால் அலிஸ்டேர் என்ற கூட்டாளி போய்விடுவதையும்தான் பேசுகிறார்கள். வின் விசுவாசி. அலிஸ்டேர் பெற்ற தகப்பன் போல மதித்தவர் சாகக் காரணமானவர் லோகெய்ன். அவரவருக்குப் பொறுக்காத ஒரு காரியம், அதற்கு அவரவர் காரணம். 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் ஆடுபவருக்கு அலைன்மென்டே கிடையாது. ஆனால் பூதக்கூட்டத்தோடு சேர்ந்து தோப்பு அகதிகளை அழித்தால் கார்லாக், வில் என்ற இரு கூட்டாளிகளும் விட்டுப் போகிறார்கள். அங்கேயும் அதே கதைதான்.

மூன்றாவது யோசனை தமிழாசிரியையுடையது, 1999இல் வந்த பிளேன்ஸ்கேப்: டார்மென்டை ஆடியபோது அவருக்குத் தோன்றியது. அதில் சில பதில்களுக்கு முன்னால் ‘உண்மை’, ‘பொய்’, ‘சபதம்’ என்று போட்டிருக்கும். வாக்கியம் ஒன்றே, மனதில் இருப்பது வேறு என்பதை ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். இவர் அதை அழகர்கோவில் பக்கம் திருப்பினார். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னிதியில் சாத்திய கதவுக்குத்தான் சந்தனம் சாத்தி வழிபாடு. தீராத வழக்குள்ளவர்கள் அங்கே வந்து சத்தியம் செய்து முடித்துக்கொள்வார்கள். அங்கே நீங்கள் பொதுவாக நல்லவரா என்று யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் சொன்ன சொல் என்ன என்பதுதான் கேள்வி.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது. ஒவ்வொரு கூட்டாளியும் சேரும்போதோ வழியிலோ ஆடுபவரிடம் ஒரு சத்தியம் கேட்கலாம். காவல்காரர் கேட்பது: ‘என் காவலில் நீ எடுத்தால் எனக்குச் சொல்லிவிட்டு எடு.’ மருத்துவச்சி: ‘குழந்தை மேல் ஆயுதம் தூக்காதே, யார் குழந்தையானாலும்.’ கோடாங்கி: ‘நான் கட்டியதை நீ அவிழ்க்காதே.’ அதை மீறினால் மட்டுமே விட்டுப் போவது நடக்கும். அதுவும் மீறியது அவர் கண்ணில் படவோ காதுக்கு எட்டவோ வேண்டும். முதல் வடிவத்தில் காட்டில் செய்தது ஊரில் உடனே எண்ணாக மாறியது. இப்போது சேதி நடந்து வர வேண்டும். போவதற்கு முன் ஓர் இரவு தங்கலில் அவர் பேச்செடுப்பார், ஆடுபவர் பதில் சொல்லலாம்.

நிரலாளர் ஒரு நிபந்தனையோடுதான் சரி என்றார். ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று பேருக்கும் தனி டயலாக் எழுத ஆள் இல்லை. எனவே இரண்டு அச்சு மீட்டர் முழுக்கப் போகவில்லை. சும்மா முணுமுணுப்பு, கேலி, பாராட்டு இவற்றுக்கு மட்டும் அது பின்னால் இருந்து ஓடும். பிரிவுக்கு அது காரணமாகாது. இது செலவைப் பார்த்து எடுத்த முடிவு என்பதை யாரும் மறைக்கவில்லை. எனக்கு அதுதான் இந்த வேலையிலேயே சமர்த்தான பகுதியாகப் பட்டது. முகம் சுளிப்பதற்குப் பொதுவான குணம் போதும். உறவை முறிக்கத்தான் குறிப்பான காரணம் வேண்டும்.

பின் நடந்தது

சித்திரைத் திருவிழாவும் கல்லூரித் தேர்வும் முடிந்து அடுத்த சோதனை நடந்தது. களஞ்சியப் பூட்டை இம்முறையும் பெரும்பாலோர் உடைத்தார்கள். சொல்லாமல் உடைத்தவர்களிடம் காவல்காரர் அன்றே போய்விடவில்லை. அடுத்த தங்கலில், தன் மாட்டை விற்று நெல்லுக்கு ஈடு கட்டிவிட்டு வந்ததாகச் சொல்கிறார். ‘இன்னும் ஒரு மாடு இருக்கு. அதுக்கப்புறம் எனக்கு முடியாது.’ கத்திரிக்காய்ப் பெண்ணே மறுபடி ஆடினார். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் எதையும் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கையிலிருந்த காசை எல்லாம் அவருக்குக் கொடுக்க வழி தேடினார். அப்படி ஒரு பதிலே எழுதப்படவில்லை, பின்னர் சேர்த்தார்கள். இதுவும் விலைக்கு வாங்குவதுதானே என்று மாணவர் கேட்டார். மாட்டுக்கு ஈடு கொடுப்பது வேறு, உண்டியலில் போட்டு அவர் மனதை மாற்றுவது வேறு என்று ஆசிரியை சொன்னதை எல்லோரும் ஏற்றார்கள்.

நடந்ததை மாற்றி ஆட, சேமித்து வைத்த சேவ் ஃபைலைத் திரும்ப ஏற்றுவது குறைந்தது. காவல்காரரை இழந்தவர்கள்கூடக் காரணத்தைத் தாங்களே சொன்னார்கள். முன்பு யாராலும் சொல்ல முடியவில்லை.

எல்லாம் சரியாகிவிடவில்லை. விஷயம் தெரிந்த ஆட்டக்காரர்கள் சத்தியமே செய்யாமல் நழுவினார்கள். ‘பார்க்கலாம்’ என்ற பதிலை அழுத்திவிட்டு, எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் மூவரையும் கடைசி வரை இழுத்துக்கொண்டு போனார்கள். இதற்காக, சத்தியம் செய்யாதவரோடு காவல்காரர் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டி வரமாட்டார் என்று மாற்றினார்கள். அவர் ஒருவருக்கு அது பொருந்தியது. மருத்துவச்சி நோயாளிக்காக வருகிறவர், சத்தியத்துக்காகக் காத்திருக்கமாட்டார். அவருக்கு அந்த விதி ஒட்டவில்லை.

கானவர் காட்சிகள் முழுக்க மாறின. இப்போது அவர்கள் கண்மாயின் மேல்மடைக்காரர்கள், தங்கள் தண்ணீருக்காக நிற்கிறார்கள். சண்டை இன்னும் உண்டு, சமரசமும் உண்டு. அவர்கள் பிள்ளை மீது அம்பு விட்டால் மருத்துவச்சி அந்த இடத்திலேயே விட்டுப் போகிறார். அவருக்கு மட்டும் முன்னெச்சரிக்கை கிடையாது. ஒரு சோதனையாளர் அது நியாயமில்லை என்றார். ஆசிரியை மாற்ற மறுத்துவிட்டார்.

மாற்ற வேண்டியவை

நால்வரும் ஒத்துச் சொன்னது ஒன்று: கூட்டாளிகள் ஒருவரோடு ஒருவர் மோதுவதை எழுத நேரமே கிடைக்கவில்லை. காவல்காரருக்கும் கோடாங்கிக்கும் ஒத்தே வராது. ஆனால் இப்போதைய வடிவில் அவர்கள் இருவரும் ஆடுபவரோடு மட்டும்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். பழைய பால்டர்ஸ் கேட் இந்த விஷயத்தில் இவர்களைவிட முன்னால் நிற்கிறது.

தமிழாசிரியைக்குத் தனியாக ஒரு வருத்தம். காவல்காரர் பாத்திரத்தை எழுதும் முன்பே பெரியப்பா மாதிரி ஆட்களிடம் போய் உட்கார்ந்திருக்கலாம் என்றார். நிரலாளர் அதை இப்படிச் சொன்னார்: அடுத்த கேமில் கூட்டாளியின் கட்டத்தை நிரப்பும் முன், அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது, நட்டம் வந்தால் யார் தாங்குவது என்ற இரண்டு வரியை நிரப்பச் சொல்லப் போகிறாராம்.

கோடாங்கி இன்னும் தீராத வேலை. சோதனைகளில் யாருமே அவர் கட்டியதை அவிழ்க்கவில்லை. அவிழ்க்க ஒரு காரணம் கதையில் இல்லை. எழுதி வைத்த பிரிவுக் காட்சியை யாரும் பார்க்கவில்லை. காட்சி நன்றாக இருக்கிறது என்பதால் அதைப் பார்க்க வைக்க ஒரு குவெஸ்ட், அதாவது ஆடுபவருக்கு ஒரு பணி சேர்க்கலாம் என்கிறார் மாணவர். கூலி ஒழுங்காகக் கிடைக்கும் வரை அவர் போகமாட்டார், போக வேண்டியதும் இல்லை என்கிறார் ஓவியர். நான் இதை எழுதும்போது அந்தக் காட்சி ஃபைலில் அப்படியே கிடக்கிறது.